பழைய கேம் பழசாகிவிட்டதா, செட்டிங் தப்பா? தீர்ப்புச் சொல்லும் முன் செய்ய வேண்டியவை

சின்ன வயதில் ஆடிய கேம் ஒன்றை இன்று தேடிப் பிடித்துப் போட்டு, ஐந்தே நிமிடத்தில் "இதையா அப்போ விழுந்து விழுந்து ஆடினோம்?" என்று மூடிவைக்கிறவர்களில் பலர் உண்மையில் அந்த கேமை ஆடவே இல்லை. தப்பான வேகத்தில், தப்பான அகலத்தில், பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்துக் குதிக்கிற வேறு ஏதோ ஒன்றை ஆடியிருக்கிறார்கள். ரசனை மாறியிருப்பது உண்மைதான். ஆனால் ரசனையின் தலையில் பழியைப் போடுவதற்கு முன் இயந்திரத்தின் தவறுகளைக் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகு மிச்சமிருப்பதுதான் கேமின் சொந்தக் குறை. அது நாம் நினைப்பதைவிடக் கொஞ்சமாகவே இருக்கும். சில கேம்களில் நினைப்பதைவிட அதிகமாகவும் இருக்கும்.

கீழே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். லேக் (பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஆள் அசைவதற்கும் இடையே வரும் தாமதம்) இருக்கும்போது கன்ட்ரோலைப் பழகினால் தப்பாகப் பழகுவோம். வேகம் தப்பாக இருக்கும்போது கஷ்டத்தை எடைபோட்டால் அந்த எடையும் தப்பு.

முதலில் வேகம்

இன்றைய கேம்கள் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகின்றன. பழைய கேம்கள் பலவும் ஃபிரேமை (திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்களை) எண்ணி ஓடின, அல்லது புராசஸர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகத்தில் ஓடின. அதனால் நல்ல கம்ப்யூட்டர் வாங்க வாங்க அவை கெட்டுப்போகும். 1990-ல் வந்த விங் கமாண்டர் இதற்குப் பேர்போனது: வேகமான மெஷினில் போட்டால் எதிரி விண்கலம் கண்ணில் படும் முன்பே கதை முடிந்துவிடும். அந்தக்கால கேபினட்டில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது நினைவிருக்கலாம். பேர்தான் டர்போ, அது இருந்ததே இப்படிப்பட்ட புரோகிராம்களுக்காக மெஷினை மெதுவாக்கத்தான்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராம் டாஸ்பாக்ஸ். அதில் அந்த டர்போ பட்டனின் வேலையைச் செய்வது சைக்கிள்ஸ் என்ற செட்டிங். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் + எஃப்11 அழுத்தினால் குறையும், கன்ட்ரோல் + எஃப்12 அழுத்தினால் கூடும். எண் ஜன்னலின் தலைப்பில் தெரியும். எண்பதுகளின் கேம் என்றால் 3000-லிருந்து தொடங்குங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்ததற்கு 10,000-லிருந்து 25,000 வரை ஏற்றிப் பாருங்கள். கேமுக்குள் ஓடும் எண்ணிக்கை ஏதாவது இருந்தால் அதைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடலாம். இல்லாவிட்டால் ஆள் நடப்பதும் இசையும் ஒன்றோடொன்று ஒட்டும் இடத்தில் நிறுத்தலாம். இசை திக்கினால் சைக்கிள்ஸ் உங்கள் கம்ப்யூட்டரால் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது என்று பொருள்.

2000-களின் விண்டோஸ் கேம்களில் இதே நோய் வேறு உருவில் வரும். ஜிடிஏ வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் இரண்டிலும் டிஸ்ப்ளே மெனுவில் ஃபிரேம் லிமிட்டர் என்று ஒன்று இருக்கிறது. "ஃபிரேம் கூடினால் நல்லதுதானே" என்று அதை அணைப்பவர்கள் ஏராளம். அணைத்தால் காட்சி வழவழப்பாகும், இயற்பியல் குழம்பும். சான் ஆண்ட்ரியாஸில் கதாநாயகன் சிஜே நீந்தும் வேகம் குறைந்து, தண்ணீரில் நீந்த வேண்டிய பகுதிகள் தேவையில்லாமல் இழுக்கும். லிமிட்டரை ஆன் செய்தே வையுங்கள். 60 ஃபிரேம் வேண்டியே ஆக வேண்டும் என்றால், அந்தக் கோளாறுகளைத் திருத்துவதற்கென்றே ரசிகர்கள் செய்த சைலன்ட்பேட்ச் போன்றவற்றை முதலில் போட்டுவிட்டு ஆடுங்கள்.

டிவி கேம் பெட்டிகளின் கதை தனி. நின்டெண்டோவின் என்இஎஸ் அமெரிக்காவிலும் அதன் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாம் ஜப்பானிலும் விநாடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம் ஓடின. நம்மூர் டிவியோ பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50. அந்த 50-க்கு ஏற்பச் செய்த நகல் பெட்டியில் அதே கேம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், இசையும் சேர்ந்து. தொண்ணூறுகளில் "9999 இன் 1" கேசட்டில் மரியோ ஆடிய கை, இன்று எமுலேட்டரில் (பழைய பெட்டியைப்போல நடிக்கும் புரோகிராமில்) ஆடும்போது "என்ன இவ்வளவு வேகமா ஓடுது?" என்று தடுமாறினால் அது வயதின் கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். மெசன், நெஸ்டோபியா ஆகிய எமுலேட்டர்களில் ரீஜன் என்ற செட்டிங்கில் என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய 60 ஹெர்ட்ஸ் முறை), பால் ஆகியவற்றோடு டெண்டி என்று ஒன்றும் இருக்கும். டெண்டி ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர். நகல் பெட்டிகளின் 50 ஹெர்ட்ஸ் நேரக் கணக்கு அதில் இருக்கிறது. நினைவிலிருக்கும் வேகம் வேண்டுமானால் டெண்டி, கேமைச் செய்தவர்கள் நினைத்த வேகம் வேண்டுமானால் என்டிஎஸ்சி. இரண்டையும் பத்து பத்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பிளேஸ்டேஷன் கேம்களிலும் ஐரோப்பியப் பதிப்பு 50, அமெரிக்கப் பதிப்பு 60. பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2018 டிசம்பரில் சோனி விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டியில் இருந்த 20 கேம்களில் 9 ஐரோப்பியப் பதிப்புகள். அதை வாங்கி முதன்முதலாக டெக்கன் 3 ஆடிய ஒரு பையன் "பழைய சண்டை கேமெல்லாம் மந்தமா இருக்கும்போல" என்று முடிவெடுத்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

படம்

டாஸ் கேம்களின் 320×200 என்ற அளவைக் கணக்குப் போட்டால் 16:10 வரும். ஆனால் அது காட்டப்பட்டது 4:3 மானிட்டரில். அதாவது ஒவ்வொரு புள்ளியும் சதுரமல்ல, அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஆட்கள் எல்லாம் அமுங்கிக் குட்டையாகத் தெரிவார்கள், வட்டம் தட்டையாகும். டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் ரெண்டர் என்ற பகுதியைத் தேடி, ஆஸ்பெக்ட் என்ற வரியை ட்ரூ என்று மாற்றினால் சரியாகிவிடும். அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கினால் 1600×1200. அந்த உயரமுள்ள மானிட்டர் இருந்தால் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் உட்காரும். சாதாரண 1080 மானிட்டரில் 1440×1080 வைத்து, இரண்டு பக்கமும் 240 புள்ளிக்குக் கறுப்புப் பட்டை விடுங்கள். பட்டை பிடிக்கவில்லை என்று திரை முழுக்க இழுப்பது, பழைய கல்யாண ஆல்பத்தை இழுத்துச் சுவரில் ஒட்டுவதுபோலத்தான்.

விண்டோஸ் கேம் தானாகவே திரை முழுக்க இழுத்துக்கொண்டால் கேமுக்குள் தேட வேண்டாம். கிராபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலில் ஸ்கேலிங் என்ற இடத்தில் விகிதத்தைக் காக்கும் தேர்வு இருக்கும். அதை வைத்தால் எல்லாப் பழைய கேமுக்கும் ஒரே வைத்தியம். முதல் ஆள் பார்வை கேம்களை அகலத்திரையில் ஆடுவதானால் பார்வைக் கோணத்தையும் திருத்த வேண்டும். 4:3-ல் 90 டிகிரி இருந்தது 16:9-ல் ஏறத்தாழ 106. திருத்தாமல் மேலும் கீழும் வெட்டி அகலமாக்கினால் குழாய்க்குள் பார்ப்பதுபோல் இருக்கும், அரைமணியில் தலை சுற்றும். "பழைய கேம் ஆடினா தலைவலி" என்பவர்களுக்கு முதல் மருந்து இதுதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அன்றைய ஓவியர்கள் குண்டு டிவியை (சிஆர்டி) மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். 1991-ல் சேகாவின் மெகா டிரைவ் பெட்டியில் வந்த சோனிக்கின் முதல் கட்டத்து அருவியை எமுலேட்டரில் நெருக்கமாகப் பாருங்கள்: ஒரு வரி நீலம், ஒரு வரி காலி என்று ஜன்னல் கம்பிபோல நிற்கும். அந்தக்கால டிவிக்கு மஞ்சள் கம்பி வழியாகப் போகும்போது பக்கத்துப் பக்கத்து வரிகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராக மாறிவிடும். அந்த மெஷினால் உண்மையான ஒளி ஊடுருவலைக் காட்ட முடியாது. டிவியின் மங்கலைப் பயன்படுத்தி அதைச் செய்தார்கள். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க்கில், படத்தின் தோற்றத்தை மாற்றும் ஷேடர்களின் பட்டியலில் சிஆர்டி என்று தொடங்குபவற்றில் ஒன்றைப் போடுங்கள். போன், பழைய லேப்டாப் என்றால் சிஆர்டி ஈசிமோட் போதும். சிஆர்டி ராயல் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். அருவிக்குக் கம்பிக் கலப்பும் தேவை என்பதால் என்டிஎஸ்சி என்று பெயரில் வரும் ஷேடரை முயன்று பாருங்கள். படத்தை மெழுகுபோல வழித்துவிடும் "ஸ்மூத்" வகை ஃபில்டர்களை மட்டும் தொடாதீர்கள். ஓவியர் வைத்த புள்ளி ஒன்றுகூட மிஞ்சாது.

முதல் பிளேஸ்டேஷனின் 3டி கேம்களில் சுவரும் தரையும் நெளிவது வேறு கதை. தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் படத்தை ஒட்டியதாலும், முனைகள் முழுப் புள்ளிக்கு முழுப் புள்ளி தாவியதாலும் வந்த நெளிவு அது. டக்ஸ்டேஷன் என்ற பிளேஸ்டேஷன் எமுலேட்டரில் பிஜிஎக்ஸ்பி என்ற செட்டிங்கை ஆன் செய்தால் பெருமளவு அடங்கும். சிலருக்கு அந்த நெளிவே பிடிக்கும். அது அவரவர் இஷ்டம்.

லேக்

பழைய கேம்கள் "கஷ்டம்" என்ற பெயரை வாங்கியதில் பெரும்பங்கு இன்றைய டிவிக்குத்தான் சேர வேண்டும். சூப்பர் மரியோ பிரதர்ஸில் பி பட்டனை அழுத்தி ஓடும்போது மரியோ ஒரு ஃபிரேமுக்கு இரண்டரைப் புள்ளி நகர்கிறார். டிவி, ப்ளூடூத், எமுலேட்டர் எல்லாம் சேர்ந்து 100 மில்லிசெகண்ட் தாமதித்தால் அது 6 ஃபிரேம், அதாவது 15 புள்ளி. ஒரு செங்கல்லின் அகலமே 16 புள்ளிதான். நீங்கள் பள்ளத்தின் விளிம்பில் சரியாகத்தான் அழுத்தியிருப்பீர்கள். மரியோ ஒரு செங்கல் தள்ளி, காற்றில் நின்று குதிக்கப் பார்ப்பார்.

இதைக் குறைக்க வேண்டிய வரிசை:

1. டிவியில் கேம் மோடை ஆன் செய்யுங்கள். படத்தை மெருகேற்றும் மற்ற எல்லா வசதிகளையும் அணையுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுதான்.
2. ப்ளூடூத் கன்ட்ரோலரை ஓரம் வைத்துவிட்டு யுஎஸ்பி ஒயரில் ஆடுங்கள்.
3. எமுலேட்டரை முழுத்திரையில் ஓட்டுங்கள். பின்னால் பிரவுசரில் வீடியோ ஓட விடாதீர்கள்.
4. மிச்சத்துக்கு ரெட்ரோஆர்க்கின் ரன் அஹெட், அதாவது சில ஃபிரேம்களை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துத் தாமதத்தைக் கழிக்கும் செட்டிங்.

நான்காவதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது, அளந்து போட வேண்டும். கேம் ஓடும்போது கீபோர்டில் பி அழுத்தினால் நின்றுவிடும். குதிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, கே எழுத்தை ஒவ்வொரு தடவையாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும். எத்தனையாவது தட்டில் ஆள் அசைகிறாரோ அதில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தட்டில் அசைந்தால் கேமுக்குள்ளேயே இரண்டு ஃபிரேம் தாமதம் இருக்கிறது. லேட்டன்சி மெனுவில் ரன் அஹெட்டுக்கு 2 கொடுங்கள். ஆசைப்பட்டு 4 கொடுத்தால் ஆள் துண்டு துண்டாகத் தாவுவார், அசைவின் முதல் படங்கள் காணாமல்போகும். சொன்னால் நம்ப மாட்டார்கள், இந்த ஒரு செட்டிங்கை வைத்தபிறகு "முடியவே முடியாது" என்று விட்ட கட்டங்களை ஒரே மாலையில் தாண்டுகிறவர்கள் உண்டு.

பெட்டிக்குள் இருந்த புத்தகம்

இன்றைய கேம் முதல் அரைமணி நேரம் நம் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். அன்று அந்த வேலை அச்சடித்த புத்தகத்தின் வேலை. கார்ட்ரிட்ஜில் அதற்கு இடமில்லை. 1986-ல் வந்த முதல் லெஜண்ட் ஆஃப் ஜெல்டாவைப் புத்தகமும் வரைபடமும் இல்லாமல் ஆடுவது, விலாசம் இல்லாமல் ஒரு ஊரில் இறங்கி வீடு தேடுவதுபோல. ஏழாவது நிலவறையில் ஒரு ஜந்து வழியை மறித்துக்கொண்டு முணுமுணுக்கும், வேறெதுவும் சொல்லாது. அதற்குப் பசி, கடையில் விற்கும் இறைச்சித் துண்டை வாங்கி வந்து கொடுத்தால் விலகும். இதைத் தானாகக் கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூட நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான் மிக அதிகம்.

ஆகவே ஆடத் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி மேனுவலைப் படியுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்த புத்தகங்கள் குவிந்துகிடக்கின்றன. பழைய கேம்களை விற்கும் ஜிஓஜி தளத்தில் கேம் வாங்கினால் பெரும்பாலும் மேனுவலும் கூடவே கிடைக்கும். நம்மூரில் நகல் கேசட்டிலும் சிடியிலும் ஆடி வளர்ந்தவர்களுக்கு மேனுவல் என்று ஒன்று இருந்ததே தெரியாது. ஷிஃப்ட் பட்டனுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தெரியாமலே பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் ஆணிகளின் மேல் ஓடிச் செத்த இளவரசர்கள் எத்தனை ஆயிரமோ. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் அவர் அடிமேல் அடி வைத்து நடப்பார். ஆணி ஒன்றும் செய்யாது.

வழிகாட்டி எழுத்துகளைப் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம், ஒரு கணக்கோடு. ஒரே இடத்தில் இருபது நிமிடம் முட்டிவிட்டால் அந்த ஒரு இடத்துக்கான பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். அன்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதும் இதே அளவுதான்.

கையை மாற்றிக்கொள்வது

இயந்திரத்தின் தவறுகள் முடிந்தன. இனி வருபவை உண்மையான ரசனை மாற்றங்கள். இவற்றில் பெரியது கன்ட்ரோல்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவையே எடுத்துக்கொள்வோம். 1989-ல் ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, படம் படமாக வரைந்து செய்தது. அசைவு மனிதன்போல இருக்கிறது, விலையும் அங்கேதான். ஒரு தாவல் தொடங்கிவிட்டால் முடியும்வரை நிறுத்த முடியாது. இன்றைய கைக்கு இது "பட்டன் வேலை செய்யலை" என்று படும். பட்டனை வேகமாக அடித்தால் இன்னும் மோசமாகும். பழக வேண்டிய முறை வேறு: முதலில் நில்லுங்கள். ஷிஃப்டோடு நடந்து விளிம்புக்கு வாருங்கள். பள்ளம் சின்னதென்றால் அங்கிருந்தே தாவுங்கள். பெரிதென்றால் திரும்பிச் சில கட்டம் பின்னால் போய், அம்புக்குறியைப் பிடித்து ஓடி, விளிம்பு வருவதற்குச் சற்று முன்னதாகவே மேல் அம்புக்குறியை அழுத்திவிடுங்கள். விழும்போது ஷிஃப்டைப் பிடித்தால் எதிர்ச்சுவரின் ஓரத்தைக் கை பற்றும். அனிச்சையாக ஆடும் கேம் இல்லை இது. அடுத்த இரண்டு அசைவை முன்கூட்டியே யோசித்து ஆடுவது. இதைப் புரிந்துகொண்ட கணத்தில் மந்தமாகத் தெரிந்தது அழகாகத் தெரியத் தொடங்கும்.

1996-ல் வந்த டூம் ரெய்டரின் (Tomb Raider) நாயகி லாராவும் இதே வகைதான். அங்கே உலகமே சதுரக் கட்டங்களால் ஆனது. நின்ற இடத்திலிருந்து தாவினால் ஒரு கட்டத்துப் பள்ளம், ஓடித் தாவினால் இரண்டு, ஓடித் தாவி விளிம்பைக் கையால் பிடித்தால் மூன்று. ஓட்டத் தாவலுக்கு விளிம்பில் நின்று பின் அம்புக்குறியை ஒரு தடவை தட்டுங்கள்; லாரா ஒரு எட்டு பின்னால் குதிப்பார். சரியாகத் தேவைப்படும் ஓட்டத் தூரம் அதுதான். அங்கிருந்து முன்னால் ஓடவிட்டுத் தாவும் பட்டனைப் பிடித்தே வைத்திருந்தால் விளிம்பில் தானாகத் தாவுவார். 2024 பிப்ரவரியில் வந்த ரீமாஸ்டரில் (மெருகேற்றிய மறுபதிப்பில்) நவீன கன்ட்ரோலும் உண்டு. நடப்பதற்கு அது சுகம். ஆனால் தாவல்கள் எல்லாம் பழைய கணக்குக்கு அளந்து கட்டப்பட்டவை. இரண்டு மணி நேரம் பொறுத்துப் பழைய டாங்க் கன்ட்ரோலை (பக்க அம்புக்குறி ஆளைத் திருப்பும், முன் அம்புக்குறி பார்க்கும் திசையில் நடத்தும்) பழகிக்கொள்வதே லாபம் என்பது எங்கள் கட்சி.

சுடும் கேமான டூம் (Doom, 1993) இதற்கு நேர் எதிர். கை கொஞ்சம் இளகினால் நேற்று வந்த கேம்போல ஓடும். மேலும் கீழும் பார்க்கும் வசதி மூலத்தில் இல்லை. நேர்க்கோட்டில் குறிவைத்தால் மேலே நிற்கும் எதிரிக்கும் தோட்டா தானே போகும். இன்றைய கம்ப்யூட்டரில் அதை ஓட்டும் ரசிகர் வடிவங்களில் சாக்லேட் டூம் அன்றைய 35 ஃபிரேமையும் 320×200-ஐயும் அப்படியே தரும், கிறிஸ்பி டூம் இரண்டையும் கொஞ்சம் கூர்மையாக்கும், ஜிஇசட்டூம் எல்லாவற்றையும் மாற்ற அனுமதிக்கும். முதல் தடவை ஆடுகிறவர்களுக்குக் கிறிஸ்பி. ஜிஇசட்டூம்தான் வேண்டுமென்றால் குதிப்பதை அணைத்துவிடுங்கள். குதிக்க முடிந்தால் சாவி தேடாமலே சில இடங்களைத் தாண்டிவிடலாம், கட்டத்தின் கட்டுமானமே அர்த்தமற்றுப்போகும். மவுஸை முன்னால் தள்ளினால் ஆளும் முன்னால் நடக்கும் பழைய பழக்கத்தையும் செட்டிங்கில் அணைத்துவிட்டு, நடையை டபிள்யூ, ஏ, எஸ், டி எழுத்துகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மாற்றத்தாலும் கேமுக்கு எந்தக் குறையும் வராது.

சேவ், உயிர், கஷ்டம்

காசு போட்டு ஆடும் ஆர்கேடில் கஷ்டம் என்பது வியாபாரம்: சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். அந்த வழக்கம் வீட்டு கேம்களுக்கும் வந்தது, வேறு காரணத்துக்காக. என்இஎஸ் காண்ட்ராவை நன்றாக ஆடத் தெரிந்தவர் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு அரைமணி கேம் போதுமா? மூன்று உயிர் என்று வைத்தால் அது மாதக்கணக்கில் நீளும். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்தி 30 உயிர் வாங்கும் தந்திரத்தைச் செய்தவர்களே உள்ளே வைத்தார்கள். அதைப் பயன்படுத்துவது மோசடி ஆகாது.

எமுலேட்டரின் சேவ் ஸ்டேட் (எந்தக் கணத்திலும் சேவ் செய்வது), ரீவைண்ட் (ஆடியதைப் பின்னோக்கி ஓட்டுவது) இரண்டும்தான் பழைய கேம்களுக்கு வந்த மிகப் பெரிய உதவி, மிகப் பெரிய ஆபத்தும்கூட. ஒவ்வொரு தாவலுக்கும் முன் சேவ் செய்து ஆடினால் கேம் ஒரே மாலையில் முடியும், மனதில் ஒன்றும் தங்காது. கட்டத்தின் தொடக்கத்தில் ஒரு சேவ், அதற்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய செக்பாயிண்ட் பழக்கத்துக்கும் அன்றைய "எல்லாம் முதலிலிருந்து" கொடுமைக்கும் நடுவே அது சரியாக நிற்கிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் மட்டும் கவனம்: மொத்தம் 60 நிமிடம்தான், செத்தாலும் கடிகாரம் நிற்காது. அதன் நவீன வடிவமான எஸ்டிஎல்பாப்பில் எஃப்6 சேவ், எஃப்9 லோட். நேரம் வீணாகப் போனது தெரிந்தால் கட்டத்தின் தொடக்கத்து சேவுக்கே திரும்புங்கள்.

2000-ல் வந்த புராஜெக்ட் ஐஜிஐ நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் ஓயாமல் ஓடிய கேம். அதில் மிஷன் நடுவே சேவ் கிடையாது. கடைசி கதவருகே செத்தால் முள்வேலிக்கு வெளியே இருந்து மறுபடியும். இன்று முதல்முறை ஆடும் ஒருவர் இதைப் பொறுப்பதற்கு ஒரே வழி, ஓடிச் சுடும் கேமாக நினைக்காமல் வேவு பார்க்கும் கேமாக ஆடுவது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தைத் திறந்து யார் எங்கே நடக்கிறார் என்று ஒரு நிமிடம் பாருங்கள். பைனாகுலரில் கேமராக்களை எண்ணுங்கள். கேமராவில் பட்டால் அலாரம், அலாரம் அடித்தால் ஆட்கள் கிளம்பி வருவார்கள், அப்புறம் அந்த முயற்சி தேறாது. முதல் இரண்டு முயற்சிகளைச் சாவதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், மூன்றாவதில் முடிக்கலாம். அப்படியும் கசந்தால் இரண்டாம் பாகத்தில் எண்ணிக்கைக்கு உட்பட்டு சேவ் உண்டு, அதற்குப் போய்விடுங்கள்.

வைஸ் சிட்டியில் பொம்மை ஹெலிகாப்டரில் நான்கு வெடிகளைக் கட்டடத்துக்குள் கொண்டுவைக்கும் மிஷனில் கேமையே விட்டவர்கள் உண்டு. அதில் பலர் கவனிக்காத ஒன்று: முதல் வெடியை எடுக்கும்வரை நேரம் ஓடத் தொடங்காது. ஆகவே வெறும் ஹெலிகாப்டரோடு முதலில் உள்ளே போய், மாடி மாடியாக வழியைப் பழகி, அடிக்க வரும் வேலையாட்களைத் தீர்த்துவிட்டு, பிறகு வெடியைத் தூக்குங்கள். நம்பர் பேட் இல்லாத லேப்டாப்பில் ஆடினால் ஹெலிகாப்டர் கன்ட்ரோல் பாதி கையில் இருக்காது. பத்து விரலையும் கோத்துக்கொள்வதைவிட ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகுவது மேல்.

சியரா கம்பெனியின் சாகச கேம்களில் வேறொரு ஆபத்து. 1990-ன் கிங்ஸ் குவெஸ்ட் 5-ல் பூனை ஒன்று எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில விநாடிக்குள் பூனையின் மேல் எதையாவது எறிந்து எலியைக் காப்பாற்றாவிட்டால், வெகுநேரம் கழித்து வேறோர் இடத்தில் சிக்கிச் சாவீர்கள். ஏன் என்று கேம் சொல்லாது. இதில் பாடம் கற்க ஒன்றுமில்லை, இது வடிவமைப்பின் தவறுதான். ஒரே சேவை மாற்றி மாற்றி எழுதாமல், அரைமணிக்கு ஒரு புது சேவ் என்று வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரீமாஸ்டரா, மூலமா

2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கிட்டது. ஆகவே பல கேம்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. எழும் இடங்களில் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள்: ரீமாஸ்டர் செய்தவர்கள் மாற்றியது கையின் வேலையையா, மூளையின் வேலையையா? 2019-ன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனில் வயல் தீர்ந்தால் தானாக மறுபடி விதைத்துக்கொள்ளும்; 1999-ல் ஒவ்வொரு வயலாகப் போய்க் கிளிக் செய்ய வேண்டியிருந்தது. எங்கே வயல் போடுவது, எத்தனை ஆளை வைப்பது என்ற முடிவு இன்றும் உங்களுடையதுதான். கை வேலை குறைந்தது, யோசனை அப்படியே. வாங்கலாம். 2021 நவம்பரில் வந்த, மூன்று பழைய ஜிடிஏ கேம்களின் ரீமாஸ்டரான ஜிடிஏ டிரிலஜி டெஃபினிட்டிவ் எடிஷன் வேறு ரகம். வந்த அன்று மழையில் சாலையே தெரியவில்லை என்பதுவரை புகார்கள் குவிந்தன, மூலப் பதிப்புகளும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு, பிறகு ஜிடிஏவை வெளியிடும் ராக்ஸ்டார் கம்பெனி தன் கடையில் மட்டும் திரும்ப வைத்தது. பழைய சிடி அலமாரியில் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள்.

மங்கி ஐலண்டின் 2009 ஸ்பெஷல் எடிஷன் செய்ததுபோல, எஃப்10 தட்டினால் புதுப் படத்துக்கும் பழைய படத்துக்கும் ஆடும்போதே மாறலாம் என்றிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே எடுங்கள்.

எதைச் செய்தாலும் மீளாதவை

சிலவற்றுக்கு வைத்தியம் இல்லை. டிவி கேமோடு வந்த துப்பாக்கியை எடுத்து இன்றைய எல்இடி டிவியின் முன் வாத்து சுட உட்கார்ந்தால் ஒரு வாத்துகூட விழாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள் இருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தை உடனே பார்த்தாக வேண்டும். எல்இடி டிவி அந்தக் கட்டத்தைக் காட்டுவதற்குள் கேம் "தவறிவிட்டது" என்று எழுதி முடித்திருக்கும். இந்த ஒன்றுக்காக ஒரு குண்டு டிவியை வீட்டில் வைத்திருக்க இடமும் பொறுமையும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், 14 அங்குலமே போதும். டிவி பின்னால் மஞ்சள், வெள்ளை சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய இரும்புக்கடையில் எடை போடும் முன் ஒரு தடவை ஆன் செய்து, படத்தின் நான்கு மூலைகளிலும் நிறம் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்க மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.